காவலுக்கு வளரும் குட்டியை வீட்டு நாய்களோடு விளையாட விடலாமா?

"காவலுக்கு வளர்க்கிற குட்டியை மற்ற நாய்களோட சேரவிடாத, தனியக் கட்டி வள. அப்பதான் அதுக்கு ரோசம் வரும்." இந்தப் பேச்சை எமது பகுதி வட்டைகளில் கேளாதவர்கள் இல்லை. போடியார் வாடியிலும் கேட்டிருக்கின்றோம், மாட்டுப்பட்டி அடியிலும் கேட்டிருக்கின்றோம். பெரியவர்கள் சொன்னது என்பதற்காக நாமும் தலையாட்டிவிட்டுப் போகலாம். ஆனால் இடம்பெயர்ந்து திரும்பி வந்து மீண்டும் வயலுக்கு இறங்கிய குடும்பங்கள் பல, ஒரு நாய்க்குட்டியை நம்பித்தான் இரவில் வாடியில் தலை சாய்க்கின்றன. ஆகையால் இந்தப் பேச்சு சரியா பிழையா என்று ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது. எமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்: குட்டியை விளையாட விடவேண்டும். ஆனால் எந்த நாயோடு, எவ்வளவு நேரம், யாருடைய கண்ணுக்கு முன்னால் என்பதைக் குட்டியின் விருப்பத்துக்கு விடாமல் நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

நாய்க்கு விளையாட்டா, இதற்கும் ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பவர்கள் பெரும்பாலும் வாடியில் படுத்திராதவர்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலோரமாக நெருங்கி வாழும் எமது மக்களில் பலருடைய வெள்ளாமைக் காணி மேற்கே மைல் கணக்கில் தள்ளிக் கிடக்கின்றது. 1990ஆம் ஆண்டுக் கலவரத்தோடு விட்டுவந்த காணிகள் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்து பற்றை மண்டின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல்கோளில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டமும் எமது அம்பாறைதான். அதன்பின் பலருக்கு வீடு ஓரிடம், வயல் வேறிடம், பிள்ளைகள் படிப்பது இன்னோர் இடம் என்றாயிற்று. மனிதன் இல்லாத இடத்தில் பன்றி குடியேறும். திரும்பிப் போனவர்கள் முதலில் கண்டது வரம்பை அல்ல, பன்றி கிண்டிய குழிகளைத்தான்.

பன்றிக்கு எதிராக ஏழை விவசாயியிடம் என்ன இருக்கின்றது? துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்; அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மின்வேலிக்குப் பணம் வேண்டும். இரையோடு சேர்த்து வைக்கும் ஹக்கப்பட்டாசு சட்டவிரோதமானது. அது ஆனைக்கன்றின் வாயையும் பிளக்கும், மேயப்போன மாட்டின் வாயையும் பிளக்கும், மோந்து பார்க்கப்போன உங்கள் நாயின் வாயையும் பிளக்கும். அதை நாம் எந்த நிலையிலும் ஆதரிக்கப் போவதில்லை. மிஞ்சுவது கண்விழிப்பும், தீவெட்டியும், தகரம் தட்டுவதும், ஒரு நாயும்தான். அந்த நாய் நல்லதாக அமைந்தால் குடும்பத் தலைவன் இரவில் நாலு மணித்தியாலமாவது தூங்கலாம். கூடாததாக அமைந்தால் அது இல்லாமலிருப்பதே மேல்.

நல்ல வயல் நாய் என்றால் என்ன? பன்றியைப் பிடித்துக் கொல்லும் நாய் என்று பலர் நினைக்கின்றார்கள். தேற்றாப்பல் உள்ள ஆண் பன்றியிடம் அப்படிப் போன நாயின் வயிறு கிழிந்துதான் திரும்பும். எமக்கு வேண்டியது மூன்று காரியம். ஆள் முந்திக் கேட்காத சத்தத்தை அது கேட்டுக் குரைக்க வேண்டும். வரம்பு வரைக்கும் துரத்த வேண்டும். கூப்பிட்டவுடன் விட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும். மூன்றாவது காரியம்தான் முக்கியம். ஆனை வரும் வட்டைகளில் அதை உயிர்க்காரியம் என்றே சொல்லலாம். கூப்பிட்டால் வராத நாய் ஆனையைச் சீண்டிவிட்டு, கடைசியில் பயந்து எசமானிடம்தான் ஓடிவரும். அதன் பின்னாலேயே ஆனையும் வாடியடிக்கு வந்துவிடும்.

இந்த மூன்றில் எதையும் தனியே கட்டி வளர்த்த குட்டி கற்றுக்கொள்வதில்லை. அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: கயிற்றின் நீளத்துக்குள் வருகின்ற எதுவும் எதிரி என்பது. இதைத்தான் நாம் ரோசம் என்று சொல்கின்றோம். உள்ளபடி பார்த்தால் அது பயம். பயந்த நாய் முன்பின் பாராமல் கடிக்கும். நாம் அறிந்த ஒரு வளவில் அப்படிக் கட்டி வளர்த்த கடுவன் ஒன்று, ஒன்றரை வயதில் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வேலியோரம் பந்து பொறுக்க வந்த பிள்ளையின் தொடையைக் கடித்தது. பன்றி வந்த இரவுகளில் அதே நாய் வாடிக்குக் கீழே பதுங்கிக் கிடந்தது என்று அந்த வீட்டாரே சொன்னார்கள்.

குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒன்று கொஞ்சம் கூட அழுத்திவிட்டால் மற்றது கத்திக்கொண்டு விலகிப்போகும், விளையாட்டு நின்றுவிடும். விளையாட்டு நிற்பது குட்டிக்குப் பெரிய தண்டனை. இப்படி நூறு தரம் நடந்தபிறகு, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற அளவு அதன் வாய்க்குத் தெரிந்துவிடுகின்றது. குட்டியின் பால்பல் ஊசிபோலக் கூராக இருந்தாலும் தாடைக்குப் பலம் இல்லாத காலத்தில் இந்தப் படிப்பு நடப்பது இயற்கையின் ஏற்பாடு. நாலு மாதத்தின் பின் பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கும்போது படிப்பு முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனால், அளவு தெரியாத வாயும் பலமுள்ள தாடையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

இங்கேதான் எமது குடும்பங்களுக்குரிய ஒரு கஷ்டம் வருகின்றது. குட்டி ஏழு எட்டுக் கிழமை வரையாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கவேண்டும். ஆனால் இடம்பெயர்ந்து வாடகை வளவிலோ உறவினர் வளவிலோ இருப்பவருக்குக் கிடைக்கின்ற குட்டி பெரும்பாலும் யாரோ கழித்துவிட்ட குட்டி. ஒரு மாதம்கூட ஆகியிராது. சந்தைக்கருகே சாக்கில் கட்டி விட்டுப்போனதை எடுத்தவர்களும் உண்டு, அதுவும் அநேகமாகப் பெட்டைக்குட்டியாக இருக்கும். (பெட்டை காவலுக்கு ஆகாது என்பது இன்னொரு பிழையான பேச்சு. எமது பார்வையில் வளவை விட்டு அலையாமல் நிற்பதில் பெட்டை பல நேரங்களில் கடுவனை விடத் திறம். குட்டி போடுவதுதான் பயம் என்றால், கருத்தடைச் சத்திரசிகிச்சை நடக்கின்ற நாளை மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டறிந்து வைத்திருங்கள்.) இப்படி நேரத்துக்கு முந்திப் பிரிந்த குட்டிக்குத் தாயின் படிப்பும் இல்லை, கூடப்பிறந்தவற்றின் படிப்பும் இல்லை. அந்தப் படிப்பைக் கொடுக்க மிஞ்சியிருப்பது நீங்கள் இருக்கும் வளவிலுள்ள வீட்டு நாய்கள்தான். அவற்றிடமிருந்தும் அதைப் பிரித்துக் கட்டினால் அது யாரிடம் போய்ப் படிக்கும்?

இது எமது ஊகம் மட்டுமன்று. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஆய்வுகூடத்தில் ஸ்கொட், புல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாவது கிழமையிலிருந்து பன்னிரண்டாவது கிழமை வரைக்கும் ஒரு வாசல் திறந்திருக்கின்றது. அந்தக் காலத்தில் அது யார் யாரோடு பழகுகின்றதோ அவர்களைத்தான் வாழ்நாள் முழுவதும் தன் கூட்டமாக எண்ணும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே ஆய்வுகூடத்தில், மனித வாடையே இல்லாமல் வேலியடைத்த வெளியில் பதினாலு கிழமை வளர்ந்த குட்டிகள் பின்னர் காட்டுப் பிராணிகளைப் போல மனிதரைக் கண்டு ஓடின என்று 1961இல் எழுதப்பட்டது. ஆகவே அந்தப் பத்துக் கிழமைக்குள் குட்டி மனிதரோடும் பழகவேண்டும், நாய்களோடும் பழகவேண்டும், பின்னாளில் எதைக் காவல் செய்யப்போகின்றதோ அதனோடும் பழகவேண்டும். வெறும் கயிற்றோடு அந்தக் காலத்தைக் கழித்தால், கழிந்தது கழிந்ததுதான்.

இவ்வளவு சொல்லியும், பெரியவர்களின் பேச்சில் ஒரு நியாயமும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் பயந்தது வேறொன்றுக்காக. நாய்களோடேயே கிடந்து வளர்ந்த குட்டிக்கு மனிதன் தேவைப்படுவதில்லை. நீங்கள் கூப்பிட்டால் காதை ஒருதரம் ஆட்டிவிட்டு மற்ற நாய்க்குப் பின்னால் போய்விடும். நாலைந்து நாய் சேர்ந்தால் அவற்றுக்குத் தனியே ஒரு புத்தி வந்துவிடுகின்றது. வீட்டில் பூனைக்கும் வழிவிடுகின்ற நாய், கூட்டத்தில் ஆட்டைக் கடித்துக் குதறும். இடம்பெயர்வின்போது மக்கள் விட்டுவிட்டு வந்த நாய்கள் அப்படித்தான் கூட்டமாகி, திரும்பி வந்தவர்களின் ஆடு கோழிகளையே தின்றன. ஒரு விவசாயியின் வயல் நாய் அயலவரின் ஆட்டைக் கடித்துவிட்டால், வெள்ளாமையில் அது மீட்டுத்தந்த இலாபமெல்லாம் அந்த ஒரு நாளில் நட்டஈடாகப் போய்விடும். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிடக்கின்ற இந்தக் கரையோரத்தில், ஒரு நாய் செய்த காரியம் இரண்டு ஊர்ச் சச்சரவாக வளர்வதற்கும் அதிக நேரம் எடுக்காது. எனவேதான் விளையாட விடுவது வேறு, அலைய விடுவது வேறு என்று பிரித்துச் சொல்கின்றோம்.

குட்டி என்ன வேலைக்கு என்பதையும் பார்க்கவேண்டும். ஆட்டுக்கு அல்லது மாட்டுப்பட்டிக்குக் காவலாக வளரும் குட்டியின் கதை கொஞ்சம் வேறு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹாம்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் கொப்பிஞ்சர், லோர்னா கொப்பிஞ்சர் தம்பதியர் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் மந்தைக் காவல் நாய்களைக் கொண்டுவந்து, விவசாயிகளிடம் கொடுத்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய குட்டிகள் ஏறத்தாழ எட்டுக் கிழமையிலேயே செம்மறிகளோடு விடப்பட்டன. மந்தையோடு வளர்ந்த குட்டி மந்தையைத் தன் கூட்டமாக எண்ணுகின்றது. அதைவிட்டுப் போகாமலும் நிற்கின்றது. நாயோடு விளையாடிப் பழகிய குட்டியோ ஆட்டோடும் நாய் விளையாட்டே விளையாடப் பார்க்கும்; துரத்தும், காதைக் கடிக்கும். இளந்தாரி வயதில் இந்தத் துரத்தல்தான் மந்தை நாய்களின் பெரிய குறையென்று அவர்கள் கண்டார்கள்.

இதற்கு விலையுயர்ந்த சாதி நாய்தான் வேண்டும் என்று யாரும் எண்ணவேண்டாம். அமெரிக்காவின் நவஹோ ஆதிவாசிகள் எமது ஊர் நாயைப் போன்ற கலப்பு நாய்களையே ஆட்டுக்குக் காவலாக வைத்திருப்பதை 1985இல் பிளக், கிரீன் என்ற இருவர் எழுதினார்கள். அங்கே குட்டியை மிகச் சிறுவயதிலேயே ஆட்டுக் கொட்டிலில் விடுகின்றார்கள். சோறும் தண்ணீரும் அங்கேதான். வீட்டு முற்றத்துக்கு வந்தால் துரத்திக் கொட்டிலுக்கே அனுப்புகின்றார்கள். கொஞ்சிக் குலாவுவது குறைவு. இவ்வளவுதான் அவர்களுடைய வித்தை. எனவே ஆடு வளர்க்கின்ற குடும்பங்களுக்கு எமது ஆலோசனை இது: குட்டி இரவும் பகலும் கொட்டிலோடு கிடக்கட்டும். சின்னக் குட்டியை ஆட்டுக்குட்டிகளோடு மட்டும் விடாமல், முட்டித் தள்ளத் தெரிந்த வயதான மறியாடு ஒன்றையும் அதற்குள் விடுங்கள். துரத்துகின்ற பழக்கத்தை அதுவே திருத்தும். வீட்டு நாயோடு விளையாட்டு நாளுக்குக் கால் மணித்தியாலம் போதும். அதுவும் கொட்டிலுக்கு வெளியே, ஆடுகளின் கண்ணில் படாத பக்கத்தில்.

வயல் காவல் நாய்க்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அது மனிதரோடு சேர்ந்து வேலை செய்யவேண்டிய நாய். பக்கத்து வாடி நாய்களோடு இரவில் குரல் கொடுத்து வாழவேண்டிய நாய். மற்ற நாயின் குரைப்பு எது, ஊளை எது, "கிட்ட வராதே" என்ற உறுமல் எது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத நாய் வட்டைக்குப் போன முதல் கிழமையே பக்கத்து வாடி நாயிடம் கடிபட்டு, புண்ணாகி, புழு வைத்து மெலிந்துவிடும்.

முஸ்லிம் குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்தக் கரையோரத்து விவசாயிகளில் பெரும்பகுதியினர் அவர்களே. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை, எமது வேலை அன்று. நாம் அறிந்த அளவில், வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்திருப்பதற்கு விலக்கு உண்டென்பது புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளிலேயே இருக்கின்றது. இங்கு பின்பற்றப்படுகின்ற ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண்ணோடு, கழுவவேண்டும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. ஆகவே நாய் வீட்டுக்குள் வராது, வாடியில்தான் நிற்கும். இது நல்ல ஒழுங்குதான். ஆனால் இதனால் குட்டிக்கு ஒரு பிரச்சினை உண்டாகின்றது. வாடியில் தனியே விடப்பட்ட குட்டி, ஆள் வருகின்ற நாளில் மட்டும் மனிதரைக் காண்கின்றது. மற்ற நாட்களில் நரிச் சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டு கிடக்கின்றது.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கின்றது. வயல் பார்க்கின்ற முல்லைக்காரர் தமிழ்க் கிராமத்தவராக இருந்தால், குட்டி மூன்று நான்கு மாதம் வரைக்கும் அவருடைய வளவில், அவருடைய நாய்களோடு வளரும். அதன்பின் வட்டைக்குப் போகும். காரைதீவுக்காரரின் முற்றத்தில் வளர்ந்து நிந்தவூர்க்காரரின் வயலைக் காத்த நாய்கள் முன்பு எத்தனையோ. கலவர ஆண்டுகளில் இந்தப் போக்குவரத்து அறுந்து போயிற்று. இப்பொழுது சில இடங்களில் மீண்டும் தொடங்கியிருப்பது எமக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒன்று: காணிக்காரர் அறுவடை வரைக்கும் குட்டியை எட்டியும் பாராமல் இருந்தால் அது முல்லைக்காரரின் நாயாகிவிடும். கிழமைக்கு இரண்டு மூன்று தரமாவது போய், அதற்கென்று ஒதுக்கிய சட்டியில் தன் கையாலே சோறு வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு வரவேண்டும். தொடவேண்டும் என்பதில்லை; குரலும் வாடையும் போதும். ஒரு குட்டி இரண்டு வீட்டு மனிதரையும் அறிந்திருப்பது வயலுக்கு நல்லது, ஊருக்கும் கெடுதலில்லை.

இனி நோய். இந்த விடயத்தில் எம்மிடம் விட்டுக்கொடுப்பு இல்லை. மேலே சொன்ன வாசல் பன்னிரண்டாவது கிழமையளவில் மூடுகின்றது; ஆனால் குட்டிக்குரிய தடுப்பூசிகள் அதற்குள் முழுதாக முடிந்திராது. ஊசி முடியட்டும் என்று காத்திருந்தால் பழக்கம் போய்விடும். காத்திராமல் தெருவில் விட்டால் குட்டியே போய்விடும். பார்வோ என்ற வைரசு நோய் 1978இல்தான் உலகத்தின் கண்ணில் பட்டது. இரத்தமாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் குட்டி செத்துப்போகும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும். எனவே போன வருடம் குட்டி கழிந்து செத்த வளவில் இந்த வருடம் புதுக் குட்டியை இறக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வழிதான் இருக்கின்றது. குட்டி விளையாடுவது உங்களுக்குத் தெரிந்த, தடுப்பூசி போட்ட, வளர்ந்த நாயோடு மட்டும். அதுவும் வேலியடைத்த வளவுக்குள் மட்டும். தெருநாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இந்த மூன்று மாதத்துக்கு அதனோடு உறவு வேண்டாம். முகாம்களிலும் நெருக்கமான வீட்டுத்திட்டங்களிலும் இது கஷ்டம் என்பது எமக்குத் தெரியும். தென்னோலைக் கிடுகால் நாலு முழத்துக்கு ஒரு பட்டி அடைத்தாலே காரியம் நடக்கும்.

விசர்நாய்க்கடியைப் பற்றிச் சொல்லாமல் நாயைப் பற்றிப் பேசமுடியாது. 1970களின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஆண்டொன்றுக்கு 300க்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கின்றது. இறங்கியதற்கு முக்கிய காரணம் நாய்களுக்குப் போட்ட ஊசி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாக நாய்களுக்கு அந்த ஊசி இலவசமாகப் போடப்படுகின்றது. குட்டிக்கு எத்தனையாவது கிழமையில், எத்தனை தரம் என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், அதன்பின் ஆண்டுதோறும். குட்டியோடு விளையாடுகின்ற நாய்க்கும் அட்டை இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். குட்டிதானே, விளையாட்டுக் கடிதானே என்று எந்தக் கடியையும் விடவேண்டாம். சவர்க்காரம் போட்டு, ஓடுகின்ற தண்ணீரில் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் மிளகாயும் அப்புவது வேண்டாம்.

எந்த நாயோடு விடலாம் என்று கேட்டால், எமது தெரிவு நாலைந்து வயதுப் பெட்டை. குட்டி எல்லை மீறினால் அது ஓர் உறுமல் உறுமும். கேளாவிட்டால் மூக்கால் தள்ளி நிலத்தில் அமுக்கும். அடுத்த கணம் மறந்துவிடும். இதற்குமேல் நல்ல வாத்தியார் குட்டிக்குக் கிடைக்காது. அந்த உறுமலைக் கேட்டவுடன் "குட்டியைக் கடிக்குது" என்று விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். படிப்பைக் குழப்புவது அதுதான். குட்டி வாலைச் சுருட்டி ஒளிந்துகொண்டு வெளியே வராமல் இருந்தாலோ, பெரிய நாய் விடாமல் துரத்தினாலோ மட்டும் பிரியுங்கள். ஒரே வயதுக் குட்டிகள் இரண்டை ஒன்றாக எடுத்து வளர்க்கின்ற ஆசையும் வேண்டாம். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளர்ந்துவிடும், உங்களைப் பாராது. சோற்றுச் சட்டிகள் தனித்தனியே, எட்டத்தில் இருக்கட்டும். மீன்தலைக்கு நடக்கின்ற சண்டையை யாரும் விளையாட்டென்று நம்பவேண்டாம்.

நேரம் எவ்வளவு? காலையில் கால் மணித்தியாலம், பின்னேரம் கால் மணித்தியாலம். மிச்ச நேரமெல்லாம் குட்டி மனிதரோடு. வரம்பில் கூட நடக்கட்டும், வக்கடை கட்டும்போது பக்கத்தில் படுத்துக் கிடக்கட்டும், உழவு இயந்திரச் சத்தத்தைத் தூரத்தில் நின்று கேட்டுப் பழகட்டும்.

விளையாட்டின் நடுவேதான் மேலே சொன்ன மூன்றாவது காரியத்தைப் பழக்க முடியும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. குட்டி சும்மா இருக்கும்போது கூப்பிட்டால் எந்தக் குட்டியும் வரும். மற்ற நாயோடு உருண்டு புரளும்போது கூப்பிட்டு அது வந்தால்தான், பன்றிக்குப் பின்னால் ஓடும்போதும் வருமென்று நம்பலாம். எனவே விளையாட்டு நடக்கும்போதே ஒருதரம் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தால் கருவாட்டுத் துண்டொன்று கொடுத்து, உடனே மறுபடி விளையாட அனுப்பிவிடுங்கள். அனுப்பிவிடுவதுதான் சூட்சுமம். கூப்பிட்டவுடன் கட்டிப்போட்டால், கூப்பிடுவது என்றால் சந்தோசம் முடிவது என்று குட்டி கணக்கு வைத்துக்கொள்ளும். அடுத்த தரம் வராது. வராத குட்டியை அடிக்கவேண்டாம். பத்து முழக் கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டி நிலத்தில் இழுபட விட்டு, வராதபோது மெதுவாக இழுத்தெடுத்து, வந்தபின் அதே கருவாட்டைக் கொடுங்கள். நாளுக்கு நாலைந்து தரம் இப்படிச் செய்தால், நாலு மாதத்தில் நீங்கள் காணும் வித்தியாசத்தைக் கட்டிப்போட்டு வளர்த்தவர் நாலு வருடத்திலும் காணமாட்டார்.

பெரும்போகத்துக்குக் குட்டி எடுக்க எண்ணுகின்றவர்கள் மாதத்தைக் கணக்குப் பண்ணவேண்டும். பன்றியின் தொல்லை கடுமையாக வருவது கதிர் பால்பிடிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தியும். எமது பகுதியில் அது மார்கழியையும் தையையும் ஒட்டி வரும். ஆனியில் எட்டுக் கிழமைக் குட்டியாக எடுத்தால் மார்கழியில் எட்டு மாதம் ஆகியிருக்கும். அந்த வயதில் குரைக்கும், துரத்தும்; ஆனால் தனியே ஒரு வட்டையைப் பொறுப்பேற்காது. முதல் போகத்துக்கு அதைத் தனியே அனுப்பாமல், அது விளையாடி வளர்ந்த அந்த வயதான நாயையும் வாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அயலவரின் நாயாக இருந்தால் இரவல் கேளுங்கள். அறுவடைக்குப் பின் ஒரு மரைக்கால் நெல்லைக் கொடுத்தாலும் தகும்.